என் திறமை தீர்ந்துபோய்விட்டதா?

கடிதம் எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 33. விளம்பர நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வடிவமைப்பாளராக இருக்கிறார். பள்ளிக் காலத்திலிருந்தே படம் வரைபவர். கல்லூரியில் பரிசுகளும் வாங்கியிருக்கிறார். நடுவில் கதை எழுதிப் பார்த்தார், அனிமேஷன் படித்தார், களிமண்ணில் உருவங்கள் செய்து பழகினார், சிறுவர்களுக்கான படக்கதை ஒன்றைத் தொடங்கி ஒன்பதாவது பக்கத்தில் விட்டுவிட்டார். சமூக ஊடகத்தில் அவருடைய படங்களுக்கு ஒருகாலத்தில் நல்ல வரவேற்பு இருந்தது. அது மெல்ல மெல்லக் குறைந்தது. கடந்த ஒன்றேகால் ஆண்டாக, அலுவலக வேலையைத் தவிர, தனக்கென்று ஒரு படம்கூட அவர் முடிக்கவில்லை.

“ராத்திரி படம் வரையும் டேப்லெட் கணினியைத் திறப்பேன். அதிலிருக்கும் பிரஷ்களை வகை பிரித்து அடுக்குவேன், புதிதாக நாலு பிரஷ் இறக்கிக்கொள்வேன், வண்ணத் தொகுப்புகளுக்குப் பெயர் வைப்பேன். ஒரு மணி நேரம் ஓடிப்போயிருக்கும். திரை வெள்ளையாகவே இருக்கும். மூடிவைத்துவிட்டு, மற்றவர்கள் போட்ட படங்களைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறார். நீண்ட கடிதத்தில் அவர் கேட்பவை நான்கு. திறமை தீர்ந்துவிட்டதா? இத்தனை ஆசைகளில் எதைத் தன் பாதையாகப் பிடித்துக்கொள்வது? வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாக முயன்று பார்க்கலாமா? ஊக்கம் வருவதற்கு மருந்து ஏதாவது உண்டா? ஓராண்டுத் திட்டத்துக்குக் கணவர் “சரி” என்று சொல்லிவிட்டாராம். ஆனால் அந்தச் சரியில் தயக்கம் தெரிகிறதாம். கையிருப்பு ஆறு மாதச் செலவுக்கு வரும்.

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி அவருக்கு.

அன்புள்ள வாசகிக்கு,

மருந்து உண்டா என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப்போகிறேன். மற்ற மூன்று கேள்விகளுக்கான பதிலும் இதைப் பொறுத்து மாறும்.

முதலில் உடம்பையும் மனதையும் பார்த்துவிடலாம்

ஊக்கத்துக்கென்று தனியாக மாத்திரை கிடையாது. ஆனால் ஊக்கத்தை உறிஞ்சிவிடும் நோய்கள் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. மனச்சோர்வு நோய் அவற்றில் முக்கியமானது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவற்றில் மாற்றம். நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் பல சேர்ந்து வந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரை வைப்பார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் ஆளை ஏறக்குறைய இதேபோலச் சாய்த்துவிடும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அவை தெரிந்துவிடும். செய்து பல நாள் ஆகியிருந்தால் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நன்றாகத் தூங்குகிறீர்கள். அக்கா பிள்ளைகள் வந்தால் அவர்களோடு ஆட்டம் போடுகிறீர்கள். அலுவலக வேலை குறையில்லாமல் நடக்கிறது. உங்களுக்கென்று வரைவதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. மனச்சோர்வு நோய் பொதுவாக இப்படி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துப் பிடித்துக்கொள்வதில்லை. கண்ட இடத்திலெல்லாம் பரவும். அதனால் உங்களுக்கு இருப்பது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கடிதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, நோய் இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி: “சில நாள் காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது.” அலுவலகம் போகப் பிடிக்காமல் வரும் அலுப்பா, இல்லை உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணமா? எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும். இரண்டாவது என்றால் இந்தக் கட்டுரையின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே கணவரிடமோ அக்காவிடமோ அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எதையும் முடிக்காமல் விடுவது படிப்பு, வீட்டுக் கணக்கு, சாவி வைத்த இடம் என்று எல்லாவற்றிலும் பள்ளி நாளிலிருந்தே இருந்துவந்தால், கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், ஒரே வேகத்தில் பத்துத் திட்டம் போட்டு, பிறகு வாரக்கணக்கில் சுருண்டுவிடும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலைக்குத் தரும் மருந்து வேறு. வெறும் மனச்சோர்வு மாத்திரை சிலருக்கு அதைக் கிளப்பிவிடவும் கூடும். இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்றுதான் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “கலைஞர்களுக்கு இந்தத் துயரம் விதித்தது, மருந்து சாப்பிட்டால் கற்பனை மழுங்கிவிடும்” என்று உங்கள் தோழி சொன்னாராம். என்னிடம் வரும் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். நோயோடு இருந்தும் வேலை செய்தவர்கள் உண்டு. நோயினால்தான் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்வது தவறு. படுக்கையிலேயே கிடக்கும் ஆளால் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. மருந்தினால் மந்தமாக உணர்ந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற மருத்துவரிடம் கேட்கலாம். துயரத்தைப் பத்திரப்படுத்தி வைப்பது அதற்கு வழியல்ல.

பிரஷ் அடுக்கும் அந்த ஒரு மணி நேரம்

சரி, நோய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏன் கை போகவில்லை?

திறமை தீர்ந்துவிட்டதோ என்ற பயத்தை முதலில் கழித்துவிடலாம். பதினோரு ஆண்டுகளாக நாள் முழுக்க வரைந்துகொண்டிருப்பவரின் கை விறைத்துப்போக வழியே இல்லை. கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னாலும் ஒரு மணி நேரத்தில் மூன்று மாதிரி தருவேன் என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் இருந்த திறமை இரவு ஒன்பது மணிக்கு எங்கே போய்விடும்?

சோம்பேறித்தனம் என்றும் உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள். சோம்பேறி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரஷ் அடுக்க மாட்டார், படுத்துவிடுவார். நீங்கள் செய்வது ஒரு தவிர்ப்பு, ஆனால் வேலை மாதிரியே தெரியும் தவிர்ப்பு. தள்ளிப்போடுவதை ஆராய்ந்திருக்கும் ஃபூஷியா சிரோவா, டிமோதி பிச்சில் போன்ற உளவியலாளர்கள் இதை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்ப்பதில்லை. ஒரு வேலையைத் தொடும்போது எழும் சங்கடத்திலிருந்து மனம் அப்போதைக்குத் தப்பித்துக்கொள்வதுதான் தள்ளிப்போடுவது என்கிறார்கள். அதனால்தான் நீங்கள் வாங்கிய கால அட்டவணைச் செயலிகள் எதுவும் உதவவில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்தால் வரும் சங்கடம்தான் தாங்க முடியவில்லை.

என்ன சங்கடம் அது? என் ஊகத்தைச் சொல்கிறேன், தவறென்றால் தள்ளிவிடுங்கள். முதல் கோடு போடுவதற்கு முன்பே அதைப் பார்க்கப்போகிறவர்கள் வந்து எதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இங்கே பொருந்தும். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம் “வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்ட நேரத்தில் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்ததில்தான் ஆசை தேய்ந்தது.

உங்கள் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் சம்பளத்துக்காக வரைகிறீர்கள். இரவில் விருப்பக்குறிகளுக்காக வரைந்தீர்கள். அந்த எண்ணிக்கை குறைந்ததும் இரவு வரைவதற்கு இருந்த காரணமும் போய்விட்டது. எதற்காகவும் இல்லாமல் வரைந்த நேரம் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள்: “மீட்டிங் போரடித்தால் நோட்டின் பின்பக்கம் எதிரே இருப்பவர்களின் கைகளை வரைவேன். பேனா சுழற்றும் கை, மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கும் கை, மேஜைக்கு அடியில் போன் பார்க்கும் கை. அது சும்மா கிறுக்கல், கணக்கில் வராது.”

ஏன் கணக்கில் வராது? ஒன்றேகால் ஆண்டாக எதையும் வரையவில்லை என்கிறீர்கள், ஆனால் இரண்டு நோட்டு நிறையக் கைகள் இருக்கின்றன என்றும் சொல்கிறீர்கள்! யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காமல், மோசமாக வந்தாலும் பரவாயில்லை என்று வரைந்தவை அவை. மோதிரத்தைத் திருகும் கை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் இருக்கும் கவனிப்பு கடிதத்தின் மற்ற எந்த இடத்திலும் இல்லை.

ஆர்வம் வந்த பிறகு உட்காரலாம் என்று காத்திருக்கிறீர்கள். படைப்பாளிகளிடம் இந்த நம்பிக்கை மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. ஆனால் மனச்சோர்வு சிகிச்சையிலேயே, அதைத் தரும் நாங்கள் வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதலில் சிறிதாக ஒன்றைச் செய்யுங்கள், மனம் பின்னால் வந்து சேரும் என்பதே அந்தச் சிகிச்சை முறை. அதற்கு நல்ல ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. எழுத்து விஷயத்தில் 1983-ல் ராபர்ட் பாய்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டார். கல்வித் துறையில் இருப்பவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். தோன்றும்போது எழுதலாம் என்று விடப்பட்டவர்களைவிட, எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு தினமும் உட்கார்ந்தவர்கள் அதிகப் பக்கம் எழுதினார்கள். அதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன என்பதுதான் பலரும் எதிர்பார்க்காதது.

எந்தத் திசை?

“என் பாதை எதுவென்று தெரிந்துவிட்டால் பேய் மாதிரி உழைப்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பால் ஓ’கீஃப், கேரல் டுவெக், கிரெக் வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வத்தைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் இரண்டு நம்பிக்கைகளை ஒப்பிட்டார்கள். ஒரு சாராருக்கு ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பது, கண்டுபிடித்தால் போதும். மறுசாராருக்கு அது போகப் போக வளர்வது. கருந்துளைகளைப் பற்றிய சுவையான காணொளி ஒன்றைக் காட்டினார்கள், பெரும்பாலோருக்குப் பிடித்துப்போனது. பிறகு அதே விஷயத்தைப் பற்றிய கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். கண்டுபிடிக்க வேண்டும் என்று நம்பியவர்களின் ஆர்வம்தான் அதிகமாகச் சரிந்தது. கஷ்டமாக இருக்கிறதா, அப்படியென்றால் இது நமக்கானது இல்லை போல என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

உங்கள் படக்கதை ஏன் ஒன்பதாவது பக்கத்தில் நின்றது? “அந்தப் பையன் பாலத்தைக் கடந்த பிறகு கதை எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. படக்கதை எனக்கு ஒத்துவராது என்று புரிந்துகொண்டேன்” என்கிறீர்கள். முதல் வாக்கியம் சரி. இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்திலிருந்து வரவே இல்லை. கதையின் நடுப்பகுதியில் தடுமாறுவது படக்கதை செய்பவர்கள் எல்லோருக்கும் நடப்பது. அனிமேஷனை விட்டதற்கும் களிமண்ணை விட்டதற்கும் இதே மாதிரி காரணங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் சுவாரசியம் தீர்ந்த இடத்தில் விட்டீர்களா, கஷ்டம் தொடங்கிய இடத்தில் விட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுவாரசியம் தீர்ந்ததை நிம்மதியாக விட்டுவிடலாம். கஷ்டத்தில் விட்டதை இன்னும் முடிவு செய்யாததாக எண்ணுங்கள்.

திசையை யோசித்துத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. 1960-களில் ஜேக்கப் கெட்சல்ஸ், மிஹாய் சிக்சென்ட்மிஹாய் இருவரும் சிகாகோவில் ஓவிய மாணவர்களை வைத்து ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். மேஜை மீது பலவகைப் பொருட்கள். வேண்டியதை எடுத்து, விரும்பியபடி அடுக்கி, அதைப் பார்த்து வரைய வேண்டும். சிலர் உடனே இரண்டு பொருளை எடுத்து வைத்து வரைய ஆரம்பித்தார்கள். சிலர் நிறையப் பொருட்களைத் தொட்டுப் பார்த்து, மாற்றி மாற்றி வைத்து, வரையத் தொடங்கிய பிறகும் கலைத்து மாற்றினார்கள். இரண்டாம் வகையினரின் படங்களைத்தான் அதிகத் தனித்தன்மை உள்ளவை என்று வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் கலைத்துறையில் நிலைத்தவர்களில் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆக, பலவற்றையும் தொட்டுப் பார்த்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஒரு விஷயம் மட்டும்: அந்த மாணவர்கள் பொருட்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள், கடைசியில் ஒரு படத்தை முடித்தும் கொடுத்தார்கள். நீங்கள் முதலாவதைச் செய்கிறீர்கள், இரண்டாவதில் நிற்கிறீர்கள்.

வெளியாள் ஒருத்தியாக எனக்குத் தெரிவதையும் சொல்கிறேன். கதை, அனிமேஷன், களிமண் உருவம், பாலம் கடக்கும் பையன், மீட்டிங்கில் வரைந்த கைகள். ஐந்து தனித்தனி ஆசைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். மலையோ மரமோ பூவோ கட்டடமோ அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஏதோ செய்துகொண்டிருக்கிறார், அவர் மனதில் ஓடுவது உடம்பில் தெரிகிறது. ஊடகம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, பார்க்கும் விஷயம் மாறவே இல்லை. நீங்கள் சிதறிப்போனவர் என்று நான் நினைக்கவில்லை. இதுதான் உங்கள் திசை என்று சாதிக்கவும் மாட்டேன். இன்னும் இருபது முப்பது படம் முடித்துவிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் காரணம் வெறும் கணக்கு. ஆறு மாதப் பணத்தை வைத்துக்கொண்டு ஓராண்டுத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது மாதத்திலிருந்தே பணப் பதற்றம் தொடங்கும். ஐந்தாவது மாதத்தில் கிடைத்த வேலையை எல்லாம் ஒப்புக்கொள்வீர்கள். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். பார்க்கிறவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் பிரச்சினை என்றால், வேலையை விட்டதும் அந்தக் கூட்டம் பெருகும். கணவர், பெற்றோர், பழைய சகாக்கள், உங்கள் வங்கிக் கணக்கு, எல்லாம் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் பிரஷ் அடுக்கியவருக்கு எட்டு மணி நேரம் கொடுத்தால் எட்டு மணி நேரமும் அடுக்கத்தான் தோன்றும்.

சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி ஜோசஃப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொடங்கி, பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தொழிலும் கலையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேலையில் இருப்பவர் உண்மையான கலைஞராக முடியாது என்ற உங்கள் வரி வரலாற்றில் நிற்காது. எழுத்தாளர் காஃப்கா விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் ஒரு மருத்துவர். அவர்கள் சந்தோஷமாகச் செய்தார்கள் என்று சொல்லவில்லை; காஃப்கா நாட்குறிப்பில் அந்த வேலையைப் பற்றிப் புலம்பித் தள்ளியிருக்கிறார். புலம்பிக்கொண்டேதான் எழுதவும் செய்தார்.

முழுதாக விடுவதற்கும் அப்படியே இருப்பதற்கும் நடுவில் வழிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாமா, சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பதினோரு ஆண்டுகளில் யாரும் படித்திருக்க மாட்டார்கள், நீங்களும்தான். பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குத்தான் சொந்தம். உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் செய்தது பொதுவாக உங்களுடையது. ஆனால் சில ஒப்பந்தங்கள் வெளிவேலையையே தடை செய்யும், சில ஒப்பந்தங்கள் வீட்டில் செய்ததையும் இழுத்துப்போட்டுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் படங்களை அலுவலகக் கணினியில் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அந்த அலுவலகமே உங்களை நோகடிக்கிறது, உடம்பைக் கெடுக்கிறது என்றால் பேச்சு வேறு. அப்போது வேலையை விட அதுவே போதுமான காரணம். கலையை அதற்குச் சாக்காக வைக்கத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அலுப்பு மட்டும்தான் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஏற்பாடு

இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் உங்கள் நாளுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம். இரவு வேண்டாம், அலுவலகம் கிளம்புவதற்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மற்றவர்களுக்காக வரைந்து களைத்த கையைக் கொண்டுபோய் வெள்ளைத் திரை முன்னால் வைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். “தினமும் வரையப்போகிறேன்” என்று பொதுவாகத் தீர்மானம் போடாமல், “குளித்துவிட்டு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்” என்று இடமும் வேளையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். பீட்டர் கோல்விட்ஸரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி “இது நடந்ததும் அதைச் செய்வேன்” என்று முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது கணிசமாக அதிகமாக இருந்தது.

டேப்லெட் வேண்டாம். அதே மீட்டிங் நோட்டு, அதே பேனா. அழிக்க முடியாது, பிரஷ் அடுக்கவும் முடியாது. என்ன வரைவது என்று குழம்ப வேண்டாம், கைகளையே வரையுங்கள். இந்த முறை அந்தக் கைக்குச் சொந்தக்காரர் என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஒரு பக்கத்தில் முடிகிற அளவில் இருக்கட்டும். முடித்தால்தான் அடுத்தது. மோசமாக வந்தாலும் முடியுங்கள். உளவியலாளர் டீன் சைமன்டன் படைப்பாளிகளின் வாழ்நாள் வேலையை எண்ணிப் பார்த்துச் சொன்னது இதுதான்: அதிகம் நல்லது செய்தவர்கள் அதிகம் மோசமானதும் செய்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் மொத்தத்தில் அதிகம் செய்தவர்கள். இரண்டாவது மாதம் பாலத்தைக் கடந்த பையனிடம் திரும்பிப் போங்கள். கதை முழுதும் தெரிய வேண்டாம், பத்தாவது பக்கத்தில் அவன் கை என்ன செய்கிறது என்பது மட்டும் போதும்.

முடித்த நாளில் தேதி போட்டு ஒரு வரி எழுதிவையுங்கள். தெரேசா அமாபிலியும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு வேலை நாள் நல்ல நாளாக அமைந்ததற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காரணமாக இருந்தது, பொருளுள்ள வேலையில் ஒரு அடியாவது முன்னே போயிருப்பதுதான். முன்னே போனது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு வரி.

இந்த மூன்று மாதமும் எதையும் வெளியிட வேண்டாம், “புதிய படக்கதை வருகிறது” என்று அறிவிக்கவும் வேண்டாம். கோல்விட்ஸர் 2009-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தான் என்னவாகப் போகிறேன் என்ற நோக்கத்தை மற்றவர் கவனித்துவிட்டால், அதற்காக ஆட்கள் உழைப்பது குறைந்தது. சொல்லிக் கேட்டதிலேயே பாதி ஆனமாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அதற்காக யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரே ஓர் ஆள் போதும், பாராட்டவும் திருத்தவும் அவசரப்படாத ஆளாகப் பாருங்கள். அக்கா மூத்த பிள்ளை பொருத்தமாக இருப்பான் என்று எனக்கொரு எண்ணம். உங்கள் களிமண் யானையை உடைத்துவிட்டு “இப்ப குட்டி யானை” என்றவன்தானே!

இடையில் பத்து நாள் விட்டுப்போகும். எல்லோருக்கும் போகும். விட்ட நாட்களை ஈடுகட்ட இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள். மறுபடியும் இருபத்தைந்து நிமிடம்தான். ஆறு வாரம் ஒழுங்காக முயன்றும் உட்காரும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடத்தால், அல்லது வரைவதைத் தாண்டி மற்ற விஷயங்களிலும் பிடிப்பு விட்டுப்போகத் தொடங்கினால், உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியதை அவை பாதி நேரத்தில் சொல்லிவிடும்.

வேலை பற்றிய முடிவை மூன்று மாதம் கழித்து எடுங்கள், அதற்கு முன் கணவரிடம் இன்னொரு முறை பேசுங்கள். அவருடைய சரியில் தயக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள், ஆனால் என்ன தயக்கம் என்று கேட்டதாக எழுதவில்லை. பணம்தான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். இருக்கலாம். அந்த ஓராண்டு சரிவராவிட்டால் நீங்கள் உடைந்துபோய்விடுவீர்களோ என்று அவர் பயப்படவும் செய்யலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. பணம் என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டு, எந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வது என்று இருவரும் தேதி குறித்துவிடலாம். உங்களைப் பற்றிய பயம் என்றால் அதற்குத் தேதி உதவாது. இந்த மூன்று மாதத்தில் நீங்கள் விட்ட நாட்களையும் மீண்டும் உட்கார்ந்த நாட்களையும் அவர் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் உதவும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். படங்களை அனுப்ப வேண்டாம். எத்தனை முடித்தீர்கள், எந்த இடத்தில் கஷ்டப்பட்டீர்கள் என்பது மட்டும் போதும்.